சிவப்பு வரிசை ஏன் எரியவில்லை

நாலு பெரிய மனிதர்கள் முன்னால் ஒரு வரிசை எரியாமல் நிற்பதைவிட, லைட் செட்காரன் வேட்டி அவிழ்ந்து நிற்பது மேல். வேட்டியை உடனே கட்டிக்கொள்ளலாம். எரியாத வரிசையை ஊர் வருசக்கணக்கில் பேசும். எனக்கு இரண்டும் நடந்திருக்கிறது. வேட்டிக் கதை இங்கே வேண்டாம்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதையும் முழுதாக முடித்தேனா என்பதில் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் தென் துருவத்தில் பனிக்கட்டிக்குள் இருக்கிற டெலஸ்கோப்பைத் திண்டுக்கல்லில் செட் போட்டுக் காட்டியவன் இந்த மாவட்டத்திலேயே ஒரே ஆள், சீரியல் செட்டு ஆரோக்கியம். மறுப்பவர்கள் கடைக்கு வரலாம். டீ வாங்கிக் கொடுத்து, பேச்சில் தோற்கடித்து அனுப்புகிறேன்.

1. அருவி

தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கு வேலை மரம் ஏறுவது. குழாய் ஸ்பீக்கரை இடுப்பில் கட்டிக்கொண்டு புளியமரத்து உச்சியில் போய்க் கட்டுவேன். கல்யாணம், காதுகுத்து, அய்யலூர்ச் சந்தையில் கட்சிக் கூட்டம், எல்லாவற்றையும் மரத்தின் மேலிருந்தே பார்த்தவன் நான். ஒருநாள் கீழே ஒருத்தன் நிழலில் உட்கார்ந்து சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தண்ணீரும் மோரும் கொடுத்தார்கள். எனக்கு எறும்பு கடித்தது. அன்றைக்கே இறங்கிவிட்டேன்.

தொண்ணூறுகளில் இப்போது மாதிரி சின்னப் பெட்டிக்குள் எல்லாம் வராது. ஓடுகிற லைட் வேண்டுமென்றால் ரோலர் போட வேண்டும். மரக்கட்டை உருளை ஒன்று. அதன்மேல் செம்புத் தகடுகளை ஒன்றுக்கு அடுத்து ஒன்றாக, படி இறங்குவதுபோலச் சாய்த்து அடித்திருப்போம். பக்கத்தில் ஒரு மோட்டார். பெல்ட் போட்டு உருளையைச் சுற்றவிட்டால், எந்தத் தகடு கம்பியைத் தொடுகிறதோ அந்த வரிசை எரியும். அடுத்த தகடு தொட்டதும் அடுத்த வரிசை. பார்க்கிறவனுக்கு வெளிச்சம் ஓடுவதுபோலத் தெரியும்.

அதில் அருவி கொட்டவிட்டவன் நான்தான். எங்கள் மாதா கோயில் மே மாதத் திருவிழாவில், நுழைவாயில் வளைவின் உச்சியிலிருந்து நீல வெளிச்சம் தடதடவென்று கீழே இறங்கும். வத்தலக்குண்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். பார்த்தவர்களில் ஒருத்தன் அங்கேயே லைட் செட் கடை வைத்துவிட்டான். அவன் பெயரை எழுதி அவனுக்கு விளம்பரம் தேடித்தர நான் தயாரில்லை. வத்தலக்குண்டுக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. செட்டை ஒப்படைக்கும் முன்னால் வேலை கொடுத்தவரை எதிரே நிறுத்தி, ஒவ்வொரு வரிசையையும் ஒருதரம் எரியவிட்டுக் காட்ட வேண்டும். "பாத்துக்கங்க, எல்லாம் உசுரோட இருக்கு" என்று சொல்ல வேண்டும். டெஸ்ட் என்போம். சீரியலில் ஒரு பல்பு செத்தால் அந்த வரிசையே செத்தது. டெஸ்ட் காட்டாமல் போனவனுக்கு மறுவருசம் வேலை கிடையாது.

வேலை கொடுப்பவர் யார் என்றால், திருவிழாக் கமிட்டித் தலைவர் பூட்டுக்கடை ஞானப்பிரகாசம். நல்ல மனிதர். எதையும் பூட்டுப் போலத்தான் பார்ப்பார்: ஆட்டிப் பார்ப்பார், இழுத்துப் பார்ப்பார், அப்புறம்தான் நம்புவார்.

2. வெளிச்சம் தராத பல்பு

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச வருசம் ஆகியிருக்கும். பெண்கள் பள்ளிக்கூடத்து ரீட்டா டீச்சர் கடைக்கு வந்தார். பிசிக்ஸ் டீச்சர். பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி.

"அண்ணே, பனிக்கட்டிக்குள்ள கண்ணாடி உருண்டைகளைக் கயிறு கயிறாத் தொங்கவிட்டிருக்காங்க. அந்த மாதிரி செட் போட்டுத் தரணும்."

"எந்த ஊர்ல டீச்சர்?"

"தென் துருவத்துல."

"வண்டி வாடகை யாரு குடுப்பா?" என்று கேட்டான் முனியாண்டி. சேவுகம்பட்டிக்காரன், என் கடையில் வேலை பார்த்தவன். என்னைவிட மூத்தவன்தான், ஆனால் சம்பளம் நான் கொடுப்பதால் என்னை அண்ணே என்பான்.

டீச்சர் சிரித்துவிட்டு ஒரு தாளில் படம் போட்டார். சுடுதண்ணீரைப் பீய்ச்சிப் பனியில் கிலோமீட்டர் கணக்கில் துளை போடுவார்களாம். நம் ஊரில் போர் போடுகிறவன் கேட்டால் அழுதுவிடுவான். அந்தத் துளைக்குள் கயிற்றில் கோத்த கண்ணாடி உருண்டைகளை இறக்கிவிடுவார்கள். தண்ணீர் திரும்ப உறைந்துவிடும். அப்புறம் எடுக்கவே முடியாது.

"பியூஸ் போனா?"

"போனது போனதுதாண்ணே. ஆனா அது பல்பு இல்லை. பல்பு மாதிரி இருக்கும். அது கண்ணு. வெளிச்சம் குடுக்காது, வெளிச்சம் வருதான்னு பாத்துக்கிட்டே இருக்கும்."

வெளிச்சம் கொடுக்காத பல்பைக் காசு போட்டுப் பனிக்குள் புதைப்பவனை அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். எதற்கு என்று கேட்டேன். டீச்சர் பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். செத்த நேரத்தில் முடியாது என்று தெரிந்துவிட்டது. டீ சொன்னேன்.

நியூட்ரினோ என்று ஒரு துகள். நம் உடம்புக்குள் புகுந்து, தரைக்குள் புகுந்து, பூமிக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருக்கும். எதிலும் மோதாது. எப்போதாவது ஒன்று பனியில் மோதும். மோதினால் அங்கிருந்து வேறொரு துகள் கிளம்பி ஓடும், ஓடுகிற வழியெல்லாம் நீல வெளிச்சம் விடும். அந்த வெளிச்சத்தை எந்தக் கண் முதலில் பார்த்தது, எது அடுத்துப் பார்த்தது என்று வைத்து, வந்த திசையைச் சொல்லிவிடுவார்கள்.

"சரி, அதைப் பிடிச்சு என்ன செய்யப் போறாங்க?"

"அதை வச்சு இன்னொண்ணைத் தேடுறாங்க. கரும்பொருள்னு ஒண்ணு இருக்குண்ணே. நட்சத்திரக் கூட்டம் சுத்துற வேகத்தைப் பாத்தா, கண்ணுக்குத் தெரியாத எடை ஏகப்பட்டது இருக்குன்னு தெரியுது. அது என்னன்னு யாருக்கும் தெரியாது. அது சூரியன் வழியாப் போகும்போது ஒண்ணு ரெண்டு உள்ளேயே மாட்டிக்கிட்டு, நடுவுல சேரலாம். சேந்தா, ஒண்ணோட ஒண்ணு மோதி ரெண்டுமே அழிஞ்சுபோகும்."

"நம்ம கமிட்டி மாதிரி" என்றான் முனியாண்டி.

"அழியும்போது வேற துகளா மாறும். அதுல நியூட்ரினோ மட்டும்தான் சூரியனை விட்டு முழுசா வெளியே வரும். சூரியன்ல இருந்து சாதாரண நியூட்ரினோவும் வருது, ஆனா அதுக்குத் தெம்பு கம்மி. இது முறுக்கா வரும். அப்படி ஒண்ணு சூரியன் இருக்கிற பக்கத்துல இருந்து வருதான்னுதான் பாக்குறாங்க."

எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஐந்தாம் வகுப்பு என்றாலும் மூளைக்குப் பியூஸ் போகவில்லை.

"டீச்சர், தவக்காலத்து வெள்ளிக்கிழமை, நம்ம ஆளுக கறி தொடக் கூடாத நாள். ஒரு வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டுக் கறி ஆக்குறாங்க. நாம கறியைப் பாக்கலை. சட்டியைப் பாக்கலை. ஆனா வாசனை கதவைத் தாண்டித் தெருவுக்கு வருது. அதை வச்சுக் கண்டுபிடிச்சுறோம். அதானே?"

டீச்சர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அதேதான். எந்த வீடுண்ணே?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன் டீச்சர்" என்றேன். பேச்சுக்கு இல்லை. எந்த வீடு என்று எனக்கும் தெரியும், அந்தத் தெருவில் போகிற நாய்க்கும் தெரியும்.

3. திருகாணி

பள்ளிக்கூட ஹாலில் வேலை தொடங்கியது. மேலே மூங்கில் சட்டம். அதிலிருந்து கயிறு கயிறாக நீலச் சீரியல் பல்புகள். சுற்றிலும் தெர்மகோல் பனி. அதற்குக் கீழே பிள்ளைகள் பெயின்ட் அடித்த பூமி. பூமிக்கும் கீழே, தரையை ஒட்டி, மஞ்சள் காகிதத்தில் சூரியன். துருவத்தில் பாதி வருசம் சூரியன் அடிவானத்துக்குக் கீழேதான் இருக்குமாம், அந்தக் காலத்தில்தான் தேடுவார்களாம். சூரியனுக்கு நடுவில் ஒரு கறுப்பு உருண்டை. அதுதான் கரும்பொருள்.

ரோலரை மாட்டி ஓடவிட்டேன். நீல வெளிச்சம் உச்சியிலிருந்து சலசலவென்று இறங்கியது. என் அருவி. வேடிக்கை பார்த்த பிள்ளைகள் கைதட்டினார்கள். டீச்சர் தட்டவில்லை.

"அண்ணே, இது குப்பை."

என் அருவியை அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"கோவிச்சுக்காதீங்க. மேல இருந்து கீழ வர்றது வானத்துல இருந்து கொட்டுற வேற துகள். அது மழை மாதிரி வந்துக்கிட்டே இருக்கும், அதைத் தள்ளிறணும். பூமியைத் துளைச்சுக்கிட்டு வர்றதுக்கு நியூட்ரினோவால மட்டும்தான் முடியும். அதனால கீழ இருந்து மேல ஓடுனாத்தான் அது நியூட்ரினோ. டெலஸ்கோப்பு பாக்குறது தரையை."

வானத்தைப் பார்க்க வேண்டியதைத் தரையைப் பார்க்க வைத்திருக்கிறார்கள். நான் பல வருசமாக லைட்டை மேலிருந்து கீழேதான் ஓட்டியவன். திண்டுக்கல், பழனி, கீரனூர் என்று எங்கே கட்டினாலும் கை தானாக அப்படித்தான் கட்டும். யாரும் என்னிடம் ஏறுகிற அருவி கேட்டதில்லை.

"அம்புட்டுத்தானே" என்று சொல்லி, உருளையைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி மாட்டினேன். மோட்டாரைப் போட்டேன். வெளிச்சம் மறுபடியும் மேலிருந்துதான் இறங்கியது. திரும்பவும் கழற்றி மாட்டினேன். இறங்கியது. முனியாண்டி சிலுவை போட்டுக்கொண்டான். அவன் இந்து.

டீச்சர் மேசையிலிருந்து ஒரு திருகாணியை எடுத்து வந்தார். "அண்ணே, இதைத் தலைகீழாப் பிடிச்சுப் பாருங்க. புரி எந்தப் பக்கம் சுத்துது?"

பிடித்துப் பார்த்தேன். எப்படிப் பிடித்தாலும் அதே பக்கம். என் உருளையில் தகடு சாய்ந்து இறங்குவதும் புரி மாதிரிதானே. காலம் பூராவும் திருகாணி முடுக்கிய கை, அதை ஒருதரம் தலைகீழாகப் பார்த்ததில்லை.

ஆனால் அதோடு நான் தோற்றுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பெல்ட்டைக் கழற்றி, நடுவில் ஒரு முறுக்குக் கொடுத்து எட்டு மாதிரி மாட்டினேன். மோட்டார் ஒரு பக்கம், உருளை எதிர்ப்பக்கம். நீல வெளிச்சம் பூமியிலிருந்து கிளம்பிப் பனிக்குள் ஏறியது. அன்றைக்கு டீச்சரும் கைதட்டினார். ஏறுகிற அருவிக்கும் முதல் ஆள் நான்தான்.

4. எரியக் கூடாத வரிசை

கடைசியாக ஒரு வேலை. சூரியனுக்குள் இருக்கிற கறுப்பு உருண்டையிலிருந்து தொடங்கி, பூமியைக் குறுக்காகத் துளைத்து, பனிக்குள் உச்சி வரை ஒரு சிவப்பு வரிசை. கரும்பொருளிலிருந்து வருகிற நியூட்ரினோவின் வழி. கட்டினேன். கனெக்சன் கொடுக்கப் போனேன்.

"அண்ணே, அது எரியக் கூடாது."

"ஏன் டீச்சர், கலர் சரியில்லையா?"

"அது இன்னும் கிடைக்கலை."

"கிடைக்கலைன்னா கட்டாம விட்டுருவோம்."

"கட்டணும். அதைத் தேடத்தான் மத்தது பூராவும். ஆனா எரிஞ்சா பொய். இத்தனை வருசமாத் தேடி, இன்னும் ஒண்ணும் வரலைன்னு என் பிள்ளைக சார்ட்ல எழுதி ஒட்டியிருக்குக. பக்கத்துல நாம எரியவிட்டா அதுக முகத்துல எப்படி முழிப்பேன்?"

ஒயரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். காரணம் உண்டு. அந்தப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்கத்துக்கும் தலைவர் ஞானப்பிரகாசம்தான். திறப்பு விழாவுக்கு அவர்தான் விருந்தாளியை அழைத்து வருகிறார். அடுத்து வருவது மே மாதத் திருவிழா. வத்தலக்குண்டுக்காரன் சீனா பல்பு இறக்கியிருப்பதாகவும், பூட்டுக்கடையில் போய் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டு வந்ததாகவும் சேதி. இந்த நேரத்தில் தலைவர் கண்ணெதிரே நடு மேடையில் ஒரு வரிசை இருட்டாக நின்றால், வளைவு என் கையை விட்டுப் போனதுதான். மாதா கோயில் வளைவு போனால் சுற்றுவட்டாரத்தில் மற்றக் கோயிலும் போகும். என் பெயர் அந்த வளைவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"இம்புட்டு வருசமா வாசனை வரலைன்னா, கறியே இல்லைன்னு சொல்லிற வேண்டியதுதானே டீச்சர்?"

"அப்படிச் சொல்ல முடியாதுண்ணே. அண்டா வச்சு ஆக்கியிருந்தா இந்நேரம் மூக்குக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியலை. அப்ப அண்டா இல்லை, அது உறுதி. சின்னச் சட்டியா இருக்கலாம். அதுக்கு இன்னும் பெரிய மூக்கு வேணும். இதைவிட நிறையக் கயிறு, நிறைய உருண்டை இறக்கப் போறாங்க."

டீச்சர் போனதும் முனியாண்டி மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, மேசைக்கு அடியில ஒரு சுவிட்சு வச்சிருவோம். தலைவர் கத்துனா போட்டுருவோம். டீச்சர் ரெண்டு நாள் பேசாம இருப்பாங்க. கோயில் வருசா வருசம் வரும்."

சுவிட்சு வைத்தேன்.

5. பச்சைக் கதவு

திறப்பு விழா தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. விருந்தாளி ஓய்வு பெற்ற கல்வி அதிகாரி. பொத்தானை அவர்தான் அமுக்கினார். நீல வெளிச்சம் தரையிலிருந்து கிளம்பி உச்சிக்கு ஏறியது. ஹால் முழுக்கக் கைதட்டல். பெருமைக்குச் சொல்லவில்லை, விசிலும் அடித்தார்கள்.

கைதட்டல் அடங்கியதும் தலைவரின் கண் சிவப்பு வரிசையில் போய் நின்றது.

"ஏலே ஆரோக்கியம், அந்தச் செவப்பு என்னலே செத்துக் கிடக்கு?"

"அது எரியாது தலைவரே."

"எரியாதுன்னு சொல்றதுக்கு நீ எதுக்கு, எங்க வீட்டு அடுப்பே சொல்லும். விருந்தாளி முன்னால மானத்தை வாங்காதலே. வத்தலக்குண்டுக்காரன் நம்பரு செல்லுலதான் இருக்கு, ஒரு போன்ல வந்துருவான்."

கூட்டம் சிரித்தது. சார்ட்டுக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளைகள் சிரிக்கவில்லை. டீச்சர் வாயைத் திறக்கப் போனார், தலைவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். என் கை மேசைக்கு அடியில் போனது. டீச்சர் அதைப் பார்த்துவிட்டார். பரீட்சையில் பிட் அடிக்கிற பிள்ளையைப் பார்ப்பது மாதிரி ஒரு பார்வை. முனியாண்டி கண்ணாலேயே "போடு" என்றான்.

மைக் என்னுடையது. எடுத்தேன்.

"ஐயா, தலைவரே, எல்லாரும் பாத்துக்கங்க. இது டெஸ்ட்" என்று சொல்லிவிட்டுச் சுவிட்சைப் போட்டேன்.

சூரியனுக்குள்ளிருந்து சிவப்பு கிளம்பிப் பூமியைத் துளைத்து உச்சிவரை நின்றது. எல்லோரும் நன்றாகப் பார்க்கும் வரை விட்டு, அணைத்தேன்.

"பல்பு உசுரோட இருக்கு. ஒயரு நல்லா இருக்கு. பனிக்குள்ள இருக்கிற கண்ணு பூராவும் முழிச்சுக்கிட்டு இருக்கு. கரும்பொருள்ல இருந்துதான் இன்னும் ஆள் வரலை. வராத ஆளுக்கு நான் லைட் போட மாட்டேன்."

டீச்சர் முன்னால் வந்தார். "அங்கேயும் இப்படித்தான் ஐயா டெஸ்ட் பண்ணுவாங்க. உருண்டைக்குள்ளேயே சின்ன விளக்கு வச்சு, அடிச்சுப் பாப்பாங்க. மத்த உருண்டைக்குத் தெரியுதான்னு" என்றார்.

இதோடு நான் மைக்கை வைத்திருக்க வேண்டும். விருந்தாளி ஒரு கேள்வி கேட்டார்: "இவ்வளவு நாளா வரலைன்னா, இல்லைன்னே முடிவு பண்ணிறலாமே?"

டீச்சர் பதில் சொல்வதற்குள் நான் தொடங்கிவிட்டேன். "ஐயா, நம்ம பின் தெருவுல பச்சைக் கதவு வீடு ஒண்ணு இருக்கு. தவக்காலத்து வெள்ளிக்கிழமை. கதவைச் சாத்தி உள்ளே கறி வேகுது..." என்று அண்டாவிலிருந்து சட்டி வரை முழுதும் சொன்னேன். பின் தெருவில் பச்சைக் கதவு ஒன்றே ஒன்றுதான். பாதிக் கதையிலேயே ஹால் மொத்தமும் தலைவரைத் திரும்பிப் பார்த்தது. ஆர்வத்தில் வாயில் வந்துவிட்டது என்று நான் சொன்னால் முனியாண்டிகூட நம்ப மாட்டான்.

விருந்தாளி வெளியூர்க்காரர், ஒன்றும் தெரியாது. "நல்ல உதாரணம். எனக்கு மதியச் சாப்பாடு தலைவர் வீட்லதான். தொட்டுக்க வெஞ்சனம் என்னன்னுதான் கேக்கலை" என்றார்.

அந்தச் சிரிப்பில் என் ஸ்பீக்கரே அதிர்ந்தது.

"போதும்லே, புரிஞ்சுபோச்சு" என்றார் ஞானப்பிரகாசம். "அது எரியாமலே இருக்கட்டும்."

கண்காட்சி முடிகிற வரை அது எரியவில்லை. "ஏன் எரியலை?" என்று கேட்டவர்களுக்குப் பிள்ளைகள் சார்ட்டைக் காட்டிச் சொன்னார்கள். எரிந்த நீலத்தைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் அதிகம். நின்று கேள்வி கேட்டதெல்லாம் அந்த இருட்டு வரிசை முன்னால்தான்.

அந்த வருசம் வளைவு வேலை வத்தலக்குண்டுக்காரனுக்குப் போனது. எரியாத லைட்டுக்காக அல்ல, வேகாமல் போன கறிக்காக. விருந்தாளிக்கு அன்றைக்குப் பருப்புக் குழம்பும் அப்பளமும்தான் கிடைத்ததாம். மறுவருசமும் போனது. அதற்கடுத்த வருசம் தலைவரே ஆள் விட்டுக் கூப்பிட்டார். "ஏலே, செட்டு நீ போடு. மைக்கை மட்டும் வேற எவன்ட்டயாவது குடுத்துரு" என்றார். ஏறுகிற அருவி கேட்டார். போட்டேன்.

தம்பிகளே, நான் கற்றது இதுதான். நாலு பேர் முன்னால் ஒருத்தர் "எரியலையே" என்று கத்தினால், கை தானாகச் சுவிட்சுக்குப் போகும். போகட்டும். டெஸ்ட் என்று சொல்லிப் போடு, எரிவதைக் காட்டு, அணை. செத்த வரிசை வேறு, காத்திருக்கிற வரிசை வேறு. வித்தியாசத்தைக் காட்டத் தெரிந்தவன்தான் லைட் செட்காரன், மற்றவன் பல்பு விற்கிறவன். உதாரணம் சொல்லும்போது மட்டும் அடுத்த ஊர்க்காரன் வீட்டைச் சொல்லு.

துருவத்தில் பெரிய மூக்கையும் இறக்கிவிட்டார்கள். ரீட்டா டீச்சர் ரிட்டயர் ஆகிவிட்டார். கிறிஸ்துமஸ் அன்றைக்குப் போன் போட்டு ஒவ்வொரு வருசமும் நான் கேட்பது ஒன்றுதான்:

"டீச்சர், ஆள் வந்தாச்சா?"

"இல்லைண்ணே. சட்டி இன்னும் சின்னதாயிருச்சு."

வந்தால் முதல் போன் எனக்கு என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சிவப்பு வரிசையை நான் வேறு எந்த வேலைக்கும் கொடுத்ததில்லை. கடைப் பரணில் சுற்றி வைத்திருக்கிறேன். போன வாரம்கூட இறக்கிப் போட்டுப் பார்த்தேன். எரிந்தது. அணைத்து வைத்துவிட்டேன்.